கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்பே தொடங்குங்கள்: புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கொள்கையில் பங்கேற்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காற்றாலையோ சூரிய மின் பூங்காவோ வரப்போகிறது என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியவருவது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கான நோட்டீஸ் ஒட்டப்படும்போதுதான். சில இடங்களில் அதுவும் கிடையாது. நிலத்தை அளக்க ஆள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். அதற்குள் எத்தனை மெகாவாட், எந்த இடம், யூனிட் என்ன விலை, மின்சாரம் யாருக்குப் போகும் என்பதெல்லாம் முடிவாகிக் கையெழுத்தும் ஆகியிருக்கும். அந்தக் கூட்டத்தில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் மாற்ற முடிவது கொஞ்சம்தான்.

அதனால் இந்த வழிகாட்டி கூட்டத்திலிருந்து தொடங்கவில்லை. வளரும் நாடுகளில் மின்சாரச் சட்டமும் கொள்கையும் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டி வருகின்றன, ஒரு தனி ஆளோ சிறு சங்கமோ எங்கே நுழைந்தால் பலன் இருக்கும், என்ன எழுத வேண்டும், எதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதுதான் இதில் இருக்கிறது. நாட்டுக்கு நாடு அலுவலகங்களின் பெயர் மாறும். வேலை செய்யும் முறை பெரிதாக மாறாது.

"பசுமை மின்சாரம்தானே, இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். கென்யாவில் கினாங்கோப் பகுதியில் திட்டமிட்ட 60.8 மெகாவாட் காற்றாலை, நிலத் தகராறும் உள்ளூர் எதிர்ப்பும் முற்றி 2016-இல் கைவிடப்பட்டது. அதே நாட்டில் துர்க்கானா ஏரிக் காற்றாலை கட்டி முடிக்கப்பட்டது: 365 காற்றாடிகள், 310 மெகாவாட், 1,50,000 ஏக்கர். ஆனால் அது ஆடு மாடு ஒட்டகம் மேய்க்கும் மக்களின் பொது நிலம். அதை ஒதுக்கிய முறை சட்டப்படி இல்லை என்று 2021 அக்டோபரில் மேரு நகரிலுள்ள சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் தீர்ப்பளித்து, சரிசெய்ய ஓராண்டு கெடு வைத்தது. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் சான் தியோனிசியோ தெல் மார் கடலோரத்தில் வரவிருந்த 396 மெகாவாட் காற்றாலைத் திட்டம், பழங்குடி மீனவர்களின் எதிர்ப்பாலும் நீதிமன்றத் தடையாலும் அந்த இடத்தைவிட்டே போனது. மூன்றிலும் சண்டையின் நடுவில் இருந்தவை நிலமும் ஒப்புதலும் ஆதாயமும்தான். உரிய நேரத்தில் கேட்டிருந்தால் கொள்கை அளவிலேயே பேசி முடித்திருக்கக்கூடிய விஷயங்கள் இவை.

படி 1: முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

புதிதாக வருபவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஆட்சேபணை எவ்வளவு நியாயமாக இருந்தாலும், தவறான அலுவலகத்துக்குப் போனால் அது கோப்பில் தூங்கும்.

மேலே சட்டம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மசோதாவாக வரும், குழுவுக்குப் போகும், அந்தக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கலாம். அதற்கடுத்து திட்டமிடல். எந்த ஆண்டுக்குள் எவ்வளவு நிலக்கரி, எவ்வளவு சூரிய ஒளி, எவ்வளவு காற்று, எவ்வளவு நீர்மின்சாரம் என்று பத்து இருபது ஆண்டுகளுக்குக் கணக்குப் போடும் ஆவணம் இது. தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் இதை ஒருங்கிணைந்த வளத் திட்டம் என்கிறார்கள். வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் ஒவ்வொரு நாடும் 5 ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் தேசியக் காலநிலை உறுதிமொழியும் இந்தக் கட்டத்தில்தான் வரும். அதே ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு பொதுமக்கள் பங்கேற்பையும் தகவல் பெறுவதையும் குறிப்பிடுகிறது. ஆக, "இதில் உங்களுக்கு என்ன வேலை?" என்று எந்த அமைச்சகமும் கேட்க முடியாது.

மூன்றாவது கட்டத்தை மக்கள் அதிகம் கவனிப்பதில்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போடும் விதிமுறைகளும் கட்டண உத்தரவுகளும் இதில் அடங்கும். கூரையில் சூரியத் தகடு வைத்தவருக்கு உபரி மின்சாரத்துக்கு என்ன விலை, இணைப்புக் கொடுக்க எத்தனை நாள், விநியோக நிறுவனம் எவ்வளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கியே தீர வேண்டும், கூட்டுறவு அமைப்பு மின்சாரம் விற்கலாமா கூடாதா என்பதெல்லாம் இங்கேதான் முடிவாகிறது. புதியவர்கள் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. காரணம் எளிது: ஆணையம் பாதி நீதிமன்றம் மாதிரி நடக்க வேண்டிய அமைப்பு. வந்த ஆட்சேபணைகளைப் பதிவு செய்ய வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும். அமைச்சகத்துக்கு எழுதும் கடிதத்துக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் கிடையாது.

நான்காவது, ஏலமும் டெண்டரும். குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம் என்று மட்டும் விதி இருந்தால், உள்ளூருக்கு ஒதுக்கும் ஒவ்வொரு காசும் நிறுவனத்துக்குச் செலவாகத்தான் தெரியும். உள்ளூர்ப் பங்கு, வேலைவாய்ப்பு, நிலத் தகுதி ஆகியவற்றை டெண்டர் நிபந்தனையிலேயே வைத்துவிட்டால் எல்லாப் போட்டியாளருக்கும் ஒரே சுமை. யாரும் முரண்டு பிடிக்க மாட்டார்கள். கடைசியாக வருவது தனித் திட்டம். எல்லோரும் வந்து சேரும் இடம் இது. அதனால் இதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: உங்களுக்கு என்ன உரிமை என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நான்கைந்து வரி போதும். அரசியலமைப்பு என்ன சொல்கிறது? கென்யாவின் 2010 அரசியலமைப்பு 10-ஆவது பிரிவில் மக்கள் பங்கேற்பை ஆட்சியின் விழுமியமாகவே வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நாடாளுமன்றம் பொதுமக்கள் ஈடுபாட்டுக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. எல்லா நாடுகளிலும் இவ்வளவு தெளிவாக இருக்காது. அப்போது மின்சாரச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவின் 2003 மின்சாரச் சட்டம் 64-ஆவது பிரிவின்படி, கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்து 120 நாட்களுக்குள் ஆணையம் உத்தரவிட வேண்டும். இலங்கையில் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின் கட்டணத் திருத்தத்துக்கு முன் எழுத்திலும் வாய்மொழியாகவும் கருத்துக் கேட்கிறது.

பன்னாட்டு ஒப்பந்தங்களும் கைகொடுக்கும். சுற்றுச்சூழல் பற்றிய 1992 ரியோ பிரகடனத்தின் 10-ஆவது கோட்பாடு தகவல், பங்கேற்பு, நீதி என்று மூன்று கால்களில் நிற்கிறது. அதை ஐரோப்பியப் பகுதியில் சட்டமாக்கியது 1998-இன் ஆர்ஹூஸ் உடன்படிக்கை. அதில் மற்ற நாடுகளும் சேரலாம், ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் 2023-இல் சேர்ந்தது. லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் எஸ்காசு ஒப்பந்தம்: 2018-இல் ஏற்கப்பட்டு 2021 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் உரிமைக்குப் போராடுபவர்களை அரசு பாதுகாக்க வேண்டும் என்று அதன் 9-ஆவது பிரிவு சொல்கிறது. பழங்குடி மக்களின் நிலம் என்றால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169-ஆவது உடன்படிக்கையையும் பாருங்கள். உங்கள் நாடு கையெழுத்திட்டு உறுதியும் செய்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால் நீதிமன்றத்தில் அதை வைத்து அதிக தூரம் போக முடியாது.

இந்த இடத்தில் ஒரு பொறி உண்டு. சுத்தமான மின்சாரம் என்ற பெயராலேயே சில நாடுகளில் சூரிய ஒளி, காற்றாலைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்கு இருக்கிறது. இந்தியாவில் 2006 அறிவிக்கையின் கீழ் இவற்றுக்கு முன் அனுமதி தேவையில்லை. அனுமதி தேவையில்லை என்றால் அறிக்கை இல்லை. அறிக்கை இல்லை என்றால் கருத்துக்கேட்புக் கூட்டமும் இல்லை. நிலத்தை அரசு கையகப்படுத்தாமல் நிறுவனமே குத்தகைக்கு எடுத்தால், 2013 நிலச் சட்டத்தில் தனியார் திட்டங்களுக்கு இருக்கும் 80 சதவீத ஒப்புதல் விதியும் பொருந்தாது. கூட்டத்துக்காகக் காத்திருந்தவர்கள் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இப்படி விலக்கு இருக்கும் நாட்டில் மின் கட்டணம், டெண்டர் நிபந்தனை, காட்டு நிலம் அல்லது பொது நிலத்தின் வகை மாற்றம், கடன் கொடுக்கும் வங்கியின் விதி ஆகியவற்றின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். விலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதே சட்டத் திருத்தத்தின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி.

படி 3: காகிதங்களைச் சேருங்கள்

தகவல் அறியும் சட்டம் உள்ள நாட்டில் அதைத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். இந்தியாவில் 2005 முதல் இருக்கிறது, பதில் தர 30 நாள் அவகாசம். கேள்வியைப் பொதுவாகக் கேட்காதீர்கள். "இத்திட்டம் பற்றிய எல்லாத் தகவலும் தேவை" என்றால் வரும் பதில் எதற்கும் உதவாது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் நகல், நில ஒதுக்கீட்டு உத்தரவின் எண்ணும் தேதியும், டெண்டர் நிபந்தனைகள், மின் பரிமாற்றப் பாதையின் வரைபடம், வரைவுக்கு வந்த கருத்துகளின் பட்டியல். இந்தக் கடைசி ஆவணத்தை யாரும் கேட்பதில்லை. வாங்கிப் படித்தால் மின் நிறுவனங்களும் உற்பத்தியாளர்களும் என்ன கேட்டார்கள், எந்த வரி யாருக்காக மாறியது என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக் கணக்குத்தான். மெகாவாட் என்பது ஒரு நிலையத்தின் திறன். யூனிட் என்பது அது உண்மையில் தந்த மின்சாரம். நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும்; அதற்கு ஏறக்குறைய 4 முதல் 5 ஏக்கர் நிலம் போகும். ஒரு அறிக்கையில் 100 மெகாவாட்டுக்கு 1,500 ஏக்கர் என்று இருந்தால் மீதி நிலம் எதற்கு என்று கேளுங்கள். காற்றாலையில் கணக்கு வேறு மாதிரி. காற்றாடி நிற்கும் இடம் குறைவு. ஆனால் சாலை, துணை மின் நிலையம், மின் கோபுரங்கள், வேலி ஆகியவைதான் மேய்ச்சலையும் வழித்தடத்தையும் அடைக்கும். வேலி உண்டா என்ற ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே மேய்ப்பவர்களுக்குப் பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

படி 4: அறையில் இல்லாதவர்களைத் தேடுங்கள்

பட்டா உள்ளவர்கள் எப்படியும் வந்துவிடுவார்கள். அவர்களுக்கு இழப்பீடு உண்டு, குத்தகைப் பணம் உண்டு. பட்டா இல்லாமல் அதே நிலத்தில் பிழைப்பவர்கள் யார்? விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்கு உழுபவர், ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கரையில் வலை இழுப்பவர், வருடத்தில் சில மாதம் மட்டும் வந்து தங்கும் நாடோடி மேய்ப்பர். அரசுப் பதிவேட்டில் "தரிசு" என்று எழுதியிருக்கும் நிலத்தில் ஒரு நாள் காலையிலும் மாலையிலும் போய் நின்று பாருங்கள். யார் வருகிறார்கள், எந்தப் பாதையில், எத்தனை கால்நடையோடு என்று தேதி போட்டு எழுதுங்கள்; படம் எடுங்கள். ஆலோசகர் நிறுவனம் எழுதிய அறிக்கையை அசைக்க இந்த ஒரு தாளே போதும்.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள். பொதுக் கூட்டத்தில் பேசாதவர்கள் தண்ணீர் எடுக்கும் பாதை அடைபடும் என்பதைத் தனியே உட்கார்ந்தால் சொல்வார்கள். சூரியத் தகடுகளைக் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் அவர்களிடமிருந்துதான் வரும். வறண்ட பகுதியில் அது சின்னக் கேள்வி இல்லை.

ஒரு எச்சரிக்கை. தகவல் கூட்டம் என்று கூப்பிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு அதே பக்கம் "சம்மதம் தெரிவித்தவர்கள்" பட்டியலாகக் கோப்பில் ஏறக்கூடும். தலைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்தில் "வருகைக்கு மட்டும்" என்று எழுதி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

படி 5: எழுதுங்கள், சுருக்கமாக, பிரிவு எண் போட்டு

வரைவு விதிமுறைக்குக் கருத்து எழுதும்போது பெரும்பாலானோர் தங்கள் கொள்கை நிலைப்பாட்டை நாலு பக்கம் விளக்குகிறார்கள். படிக்கும் அதிகாரிக்கு அதில் எடுக்க ஒன்றும் இருக்காது. அவர் மேசையில் ஒரு அட்டவணை இருக்கும்: பிரிவு எண், வந்த கருத்து, ஆணையத்தின் பதில். அந்த அட்டவணையில் அப்படியே ஒட்டக்கூடிய மாதிரி எழுதித் தந்தால் உங்கள் கருத்தை அவர் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு மாதிரி பார்ப்போம். வரைவில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"விநியோக நிறுவனம், தொழில்நுட்பச் சாத்தியத்தைப் பொறுத்து, நியாயமான காலத்துக்குள் நெட் மீட்டர் இணைப்பு வழங்கலாம்."

நெட் மீட்டர் என்பது கூரையிலிருந்து மின்வலைக்குக் கொடுத்ததையும் அதிலிருந்து எடுத்ததையும் கழித்துக் கணக்கிட உதவும் மீட்டர். வரியைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "வழங்கலாம்" என்றால் வழங்காமலும் இருக்கலாம். "நியாயமான காலம்" ஒரு மாதமா, ஒரு வருடமா? "சாத்தியத்தைப் பொறுத்து" என்பதை முடிவு செய்பவர் விநியோக நிறுவனமே. கூரை சூரிய மின்சாரம் பெருகினால் அதன் பெரிய வாடிக்கையாளர்கள் குறைவார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மூன்று ஓட்டையும் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"பிரிவு 7(2)-க்குப் பதிலாக: விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் இணைப்பு வழங்க வேண்டும். தொழில்நுட்பக் காரணத்தால் மறுத்தால், அந்த டிரான்ஸ்ஃபார்மரின் திறன், அதில் ஏற்கெனவே இணைந்துள்ள சூரிய மின் திறன் ஆகிய எண்களைக் குறிப்பிட்டு 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். காரணம்: காலக்கெடு இல்லாததால் விண்ணப்பங்கள் முடிவில்லாமல் நிற்கின்றன, பின்னிணைப்பு 1-இல் 6 விண்ணப்பதாரர்களின் தேதிகள் உள்ளன."

பிரிவு எண், மாற்று வாசகம், காரணம், சான்று. நான்கும் இருந்தால் அரைப் பக்கம் போதும். ஒரே கடிதத்தை 500 பேர் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, ஐந்து பேர் தங்கள் சொந்த அனுபவத்தோடு ஐந்து வேறு கடிதம் அனுப்புவது ஆணையங்களிடம் நன்றாக எடுபடும். அமைச்சர்களிடம் நேர் எதிர்; அங்கே தலை எண்ணிக்கைதான் பேசும்.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், மற்ற நாடுகள் ஏற்கெனவே சட்டமாக்கியதைக் காட்டிக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2011-இல் தொடங்கிய தனியார் மின் ஏலத் திட்டத்தில் உள்ளூர்ச் சமூகத்துக்குக் குறைந்தது 2.5 சதவீதப் பங்கு இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் வாழ்பவர்கள் உள்ளூர் மக்களாகக் கணக்கில் வருவார்கள். பிலிப்பைன்ஸில் விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சென்டாவோ (பெசோவில் நூறில் ஒரு பங்கு) மின் நிலையம் உள்ள பகுதிகளுக்குப் போகிறது. நேபாளத்தில் நீர்மின் நிறுவனங்கள் பொதுப் பங்கு வெளியிடும்போது பாதிக்கப்படும் பகுதி மக்களுக்கு 10 சதவீதப் பங்கு ஒதுக்குகிறார்கள். கென்யாவின் 2019 ஆற்றல் சட்டம் புவிவெப்ப மின்சார ராயல்டியில் 5 சதவீதத்தை உள்ளூர்ச் சமூகத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறது.

இவற்றை அப்படியே நகலெடுக்க வேண்டாம். பங்கு என்றால் லாபம் வந்தால்தான் பணம். திட்டத்துக்கு வாங்கிய கடன் அடையும்வரை பல ஆண்டுகள் கையில் ஒன்றும் வராது. யூனிட்டுக்கு இவ்வளவு என்றால் முதல் மாதத்திலிருந்தே வரும், ஆனால் தொகை சின்னது. அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகிறது, யார் கையெழுத்தில் எடுக்கலாம் என்பதை வாசகத்திலேயே எழுதாவிட்டால் அது எங்கே போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

படி 6: கூட்டம்

இருக்கிறது என்றால் போக வேண்டும்தான். கம்பெனி ஏற்பாடு செய்த வண்டியில் போகாதீர்கள்.

இந்திய நீர்மின் திட்டங்களுக்கான நடைமுறையை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், காகிதத்திலாவது அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், உள்ளூர் மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ கூடுதல் ஆட்சியருக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிக்கு முன்பே கூட்டம் கலைந்துவிடும். பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருப்பார்கள். இருவரையாவது இருக்க வையுங்கள். நீங்கள் சொன்னது குறிப்பில் ஏறியதா என்பதைக் கேட்டுச் சரிபார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அது. விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மைக்கில் பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பெயர், ஊர், ஒரே ஒரு விஷயம். "அறிக்கையின் 14-ஆம் பக்கத்தில் இந்த சர்வே எண்ணில் மேய்ச்சல் இல்லை என்று இருக்கிறது. இதோ தேதியோடு 3 நாள் எடுத்த படங்கள். அறிக்கையைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா?" இந்த மாதிரிக் கேள்விக்கு வரும் பதில் எதுவாக இருந்தாலும் குறிப்பில் ஏறும், பின்னால் வழக்குக்குப் போனால் வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான். ஆவேசமான உரைக்குக் கைதட்டல் கிடைக்கும். குறிப்பிலோ "திட்டத்துக்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரிதான் வரும்.

படி 7: முடிவு வந்த பிறகு

உத்தரவு வந்ததும் உங்கள் கருத்துக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று தேடுங்கள். பதிலே இல்லையா? அது உங்களுக்கு ஒரு பிடி. கேட்க வேண்டிய கடமை இருந்தும் கேட்காமல் எடுத்த முடிவுகளை நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2006-இல், பொதுமக்களைக் கேட்காமல் நிறைவேற்றிய சுகாதாரச் சட்டங்களைச் செல்லாது என்றது. 2017 ஏப்ரலில் அதே நாட்டின் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் அணுமின் கொள்முதல் முடிவை ரத்து செய்தது. பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் மின் ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புதல் கொடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கென்யாவில் 2019 ஜூனில் லாமு நிலக்கரி மின் நிலையத்தின் உரிமத்தை தேசியச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் ரத்து செய்தபோதும் மக்கள் பங்கேற்புச் சரியாக நடக்கவில்லை என்பது பெரிய காரணமாக இருந்தது. நிலக்கரிக்கும் அணுவுக்கும் சொன்ன அதே சட்டம் காற்றாலைக்கும் பொருந்தும்.

மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்கும், அது பெரும்பாலும் குறுகியதாகவே இருக்கும். உத்தரவு வந்த அன்றே கெடு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வழக்குகள் நியாயம் இல்லாததால் தோற்கவில்லை, தாமதத்தால் தோற்றிருக்கின்றன.

நீதிமன்றத்துக்குப் போக வசதி இல்லையா? பணம் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். வளரும் நாடுகளின் பெரிய திட்டங்களில் பெரும்பாலும் ஏதாவது ஒரு மேம்பாட்டு வங்கியின் கடன் இருக்கும். உலக வங்கிக்கு 1993 முதல் ஆய்வுக் குழு ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தாலே புகார் கொடுக்கலாம். தனியாருக்குக் கடன் தரும் அதன் கிளை அமைப்பான பன்னாட்டு நிதிக் கழகத்துக்கு 1999 முதல் தனிப் புகார் அலுவலகம் உண்டு. இரண்டிலும் உங்கள் மொழியிலேயே எழுதலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இவை திட்டத்தை உடனே நிறுத்திவிடாது. ஆனால் வங்கியின் விசாரணை என்றதும் அதுவரை போனை எடுக்காத கம்பெனி அதிகாரி வீடு தேடி வருவார்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்தில் பெரும் பணம் புரளும் இடங்களில் கேள்வி கேட்பவர்களுக்கு மிரட்டலும் அவதூறு வழக்கும் வரும். தனியாளாக முன்னால் நிற்காதீர்கள். மனுக்களைச் சங்கத்தின் பெயரில் கொடுங்கள், நகல்களை ஊருக்கு வெளியே ஒருவரிடம் வையுங்கள்.

படி 8: நாட்காட்டி

இது சலிப்பான வேலை, ஆனால் ஆண்டு முழுவதும் நடக்க வேண்டியது. பல நாடுகளில் மின் கட்டண மனு ஏறக்குறைய ஒரே பருவத்தில் வரும். போன ஆண்டு வந்த மாதத்துக்கு ஒரு மாதம் முன்பே தயாராகலாம். காலநிலை உறுதிமொழி 5 ஆண்டுக்கு ஒருமுறை. மின் திட்ட வரைவு எப்போது என்று அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். சங்கத்தில் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஆணையத்தின் இணையதளத்தையும் அரசிதழையும் பார்க்கட்டும். வரைவு வெளியானால் அன்றே மற்றவர்களுக்குச் சொல்லட்டும். கருத்துத் தெரிவிக்கக் கொடுக்கும் கால அவகாசம் குறைவாகவே இருக்கும். அதில் பாதி வரைவைக் கண்டுபிடிப்பதிலேயே போய்விட்டால் எழுத நேரம் இருக்காது. அவகாசம் போதாது என்று தெரிந்தால் முதல் வாரத்திலேயே நீட்டிப்புக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள், வரைவு உள்ளூர் மொழியில் இல்லை என்பதை அதில் காரணமாகக் காட்டுங்கள். மறுத்தால் மறுப்புக் கடிதத்தையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.